கோலப்புள்ளியும் கணிப்பொறி நிரலும்

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவது ஆண்பிள்ளைகளின் வேலை என்னும் எண்ணம் நம் வீடுகள் பலவற்றில் இன்னும் நிலவுகிறது. வீட்டில் இருப்பது ஒரே கணிப்பொறி என்றால் அதன்முன் தம்பி அமர்கிறான். அக்காள் அடுக்களைக்கு அழைக்கப்படுகிறாள். இவ்வெண்ணம் சரிதானா என்று ஆராய்வோம்.

நிரல் என்பது யாது? ஒரு வேலையை முடிக்கப் பொறிக்கு வரிசையாகத் தரும் கட்டளைகளே நிரல். மார்கழியில் வாசலில் கோலமிடும் பெண், “ஏழு புள்ளி, ஊடுபுள்ளி, நான்கில் நிறுத்து” என்கிறாள். இதுவும் ஒரு நிரலே. நடுவரிசையில் 7 புள்ளி வை. அடுத்த வரிசையில் ஒன்றைக் குறை. 4 வரும்வரை இதையே திரும்பச் செய். மறுபுறமும் அவ்வாறே செய். மொத்தம் 37 புள்ளிகள். திரும்பச் செய்வதை ‘மடக்கு’ என்றும், 7, 4 ஆகிய எண்களைத் தாங்கும் இடங்களை ‘மாறிகள்’ என்றும் கூறுவர். அவ்வெண்களை 9, 5 என மாற்றினால் அதே கட்டளைகள் 61 புள்ளிகளைத் தரும். “நான்கில் நிறுத்து” என்று சொல்ல மறந்தால் பாட்டி புரிந்துகொள்வார், பொறி புரிந்துகொள்ளாது. பிழையைத் தேடித் திருத்தும் பொறுமை நிரல் எழுதுவோர்க்கு இன்றியமையாதது. வரிசை தவறினால் அழித்து மீண்டும் புள்ளி வைக்கும் கைக்கு அது புதிதன்று.

இவ்வொப்புமை வெறுங்கற்பனையன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர்களான கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி ஆகிய இருவரும் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலங்களைக் கணிப்பொறியியலின் இலக்கண விதிகளால் உருவாக்கும் முறையை 1974இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். மூவரில் இருவர் பெண்கள்.

அதற்கும் முன்பே, 1945இல், அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உருவாகிவந்த எனியாக் என்னும் கணிப்பொறிக்கு நிரல் அமைக்க ஆறு பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். கற்பதற்குக் கையேடு ஏதும் இல்லை. பொறியின் வரைபடங்களைப் பார்த்தே அவர்கள் கற்றனர். 1946 பிப்ரவரியில் அப்பொறி உலகுக்குக் காட்டப்பட்டபோது அவர்களுக்கு உரிய புகழ் கிட்டவில்லை. அது வந்துசேரப் பல பத்தாண்டுகள் ஆயின.

மாணவியரே! உங்களுக்குத் தெரிந்த கோலம் ஒன்றின் கட்டளைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். கோலம் அறியாத ஒருவரிடம் கொடுத்து இடச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடமே உங்கள் நிரலின் பிழை. அதைத் திருத்தியபின் அத்தாளுடன் கணிப்பொறி முன் அமருங்கள். பள்ளியில் படிக்கும் தங்கை இருந்தால் அவளையும் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள்.