நாம் மூட்டும் புகையும் நாட்டின் சட்டமும்

பாகான் செராய் வட்டாரத்தில் நெல் அறுவடை முடிந்த நாள்களில், வைக்கோல் எரியும் நெடி தோட்டம்வரை வந்து சேரும். கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் 1906ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அன்றுமுதல் இங்கு வயலும் தோட்டமும் அண்டை வீட்டார் போலவே இருந்து வருகின்றன. வயலின் புகை தோட்டத்திற்கு வருகிறது. தோட்டத்தின் புகை வயலுக்குச் செல்கிறது.

விடியற்காலையில் பால்மரம் சீவச் செல்வோர் ஒன்றைக் கவனித்திருப்பர். முந்திய மாலையில் குப்பைக்கு இட்ட தீயின் புகை, பொழுது புலர்ந்தும் கலையாமல் மரங்களினிடையே தாழ்வாகத் தேங்கி நிற்கும். இரவில் நிலம் குளிர்வதால் அதனை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனக்கிறது. அதற்கு மேலுள்ள வெப்பக் காற்று ஒரு மூடிபோல் அமைந்துவிடுகிறது. புகை மேலெழ வழியின்றி அடைபடுகிறது. வெயில் ஏறி நிலம் சூடான பின்னரே அது கலையும். சீவுபவரோ அதற்குள் தம் வேலையில் பெரும்பகுதியை முடித்திருப்பார்! ஆகவே, யாரோ மாலையில் மூட்டிய புகையை மிகுதியாக உட்கொள்பவர் அவரே.

புகையில் கண்ணுக்குத் தெரியும் கரியைவிடத் தெரியாத துகளே கொடியது. 2.5 மைக்ரோமீட்டரும் அதனினும் சிறியனவுமான துகள்கள், தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே இருக்கும். மூக்கும் தொண்டையும் இவற்றைத் தடுக்க இயலாது. இவை நுரையீரலின் ஆழம்வரை செல்கின்றன. ஆஸ்துமா உள்ள குழந்தைகளும், முதியோரும், இதய நோயாளிகளும் முதலில் இன்னலுறுகின்றனர். முகத்தில் கட்டும் கைத்துணி இதற்குக் காப்பாகாது.

வாகனங்களும் மின் நிலையங்களும் ஆலைகளும் காற்றைக் கெடுப்பதை நாம் அறிவோம். தோட்டப்புறத்தில் செம்பனை ஆலையின் கொதிகலன் நாரையும் ஓட்டையும் எரித்துக் கரும்புகை கக்குவதுண்டு. கட்டிப்பாலை உலர்த்தும் இரப்பர் ஆலைகளின் துர்நாற்றம் சுற்றுவட்டாரத்தார் எல்லாருக்கும் பழக்கமானதே. மறுநடவின்போது முதிர்ந்த மரங்களைச் சாய்த்துத் தீயிட்டதை நம் மூத்தோர் நினைவுகூர்வர். இன்று இரப்பர் மரம் மேசை நாற்காலி செய்ய விலைபோகிறது. செம்பனைத் தோட்டங்களிலும் மரத்தைத் துண்டாக்கி மண்ணிலேயே மட்கவிடும் முறை 1980களின் இறுதிமுதல் பரவலாயிற்று. இதில் சட்டத்தைச் சந்தை முந்திக்கொண்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கிரியானில் மற்றோர் ஆபத்தும் உண்டு. பெரியா போன்ற இடங்களில் நிலம் கரிமண்ணாக இருக்கிறது; இதனை மலாய் மொழியில் 'காம்புட்' என்பர். இலையும் மரமும் சேற்று நீரில் நெடுங்காலம் படிந்து உருவான மண் இது. இதில் பற்றிய தீ, மேலே அணைந்ததுபோல் தோன்றினாலும் அடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும்.

இனி, சட்டத்தைப் பார்ப்போம். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டமே அனைத்திற்கும் அடித்தளம். அதன்கீழ் 1978இல் தூய காற்று விதிகள் வந்தன. அந்நாளில் ஆலைப் புகையை மதிப்பிட ரிங்கல்மன் அட்டை பயன்பட்டது. வெண்மை முதல் கருமை வரை படிப்படியாக நிறம் தீட்டிய அட்டை அது. புகைபோக்கியின் புகையை அதனோடு ஒப்பிடுவர். அனுமதித்த படியைவிடக் கறுத்திருந்தால் குற்றம். எளிய கருவிதான், ஆனால், இருட்டில் கக்கும் புகைக்கு அது பயன்படாது. 2014இல் அவ்விதிகளின் இடத்தில் புதிய விதிகள் வந்தன.

ஆலைகளுக்கு விதி இருந்தும் 1997 செப்டம்பரில் நாடு மூச்சுத் திணறியது. சுமத்திராவிலும் கலிமந்தானிலும் எரிந்த காடுகளின் புகையால் சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 300ஐத் தாண்டினாலே பேராபத்து. கூச்சிங்கில் அது 800ஐத் தாண்டியது. அடுத்த ஆண்டே, 1998இல், திறந்தவெளியில் தீயிடுவதைத் தடுக்கும் பிரிவு சட்டத்தில் சேர்ந்தது. 5 இலட்சம் வெள்ளிவரை அபராதம், 5 ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும் என்று அது விதித்தது. 2024ஆம் ஆண்டுத் திருத்தம் அபராதத்தை மேலும் உயர்த்தியது.

இப்பிரிவு பெருநிறுவனத்துக்கு மட்டும் உரியதன்று. லயத்தின் பின்புறத்தில் மூட்டும் தீயும் இதன் பார்வைக்கு உட்பட்டதே. தீ எரிந்த நிலத்தின் உரிமையாளரோ அதனைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவரோ, தாம் காரணமல்லர் என்று மெய்ப்பிக்காவிடில், பொறுப்பு அவர்மேல் விழும். தீக்குச்சியைக் கிழித்தவரும் தப்ப இயலாது. ஆகவே, குப்பையைக் கொளுத்திவிடுமாறு வேலைத்தலத்தில் எவரேனும் வாய்மொழியாகப் பணித்தால், அதனை எழுத்தில் தருமாறு கேட்பது தவறாகாது. இறைவழிபாடு, தகனம் முதலிய சிலவற்றுக்கு நிபந்தனையோடு விலக்கு உண்டு. பழைய டயரையும் நெகிழிப் பையையும் எரிக்க விலக்கில்லை.

புகை தொடர்ந்து தொல்லை தருமாயின், சுற்றுச்சூழல் இலாகாவின் ஈப்போ அலுவலகத்தில் புகார் செய்யலாம். தீ பரவுமாயின் உடனே 999க்கு அழைக்க வேண்டும். புகாரில் இடம், நாள், தீ தொடங்கிய நேரம், புகையின் நிறம், காற்று வீசிய திசை ஆகியவற்றைக் குறிப்பிடுக. தொலைவில் நின்று எடுத்த நிழற்படம் ஒன்றும் இருப்பின், அதிகாரி வருவதற்குள் தீ அணைந்துவிட்டாலும் புகாருக்குச் சான்று இருக்கும்.