குறுக்குக்காற்றில் ஸ்கூட்டர் ஓட்டும் முறை

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில், மேற்குத் தொடர்ச்சி மலையால் தடுக்கப்படும் காற்று மலைத்தொடரின் இடைவெளிகளைத் தேடி அவற்றின் வழியே நெருக்கியடித்துக்கொண்டு தமிழகத்துக்குள் நுழைவதால், அவ்விடைவெளிகளுக்கு நேர்கிழக்கே அமைந்த சமவெளியில் மற்ற இடங்களில் காணப்படாத வேகத்தைப் பெறுகிறது. பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய நான்கு கணவாய்களும் இவ்வகையில் பெயர்பெற்றவை. முப்பந்தலிலும் உடுமலை, பல்லடம் பகுதிகளிலும் தேனி மாவட்டத்திலும் காற்றாலைகள் திரளாக நிற்பதற்கு இதுவே காரணம். மின்சாரம் தரும் அதே காற்று, அச்சமவெளியைத் தெற்கு வடக்காகக் கடந்து செல்லும் சாலைகளில் இருசக்கர வாகனங்களைப் பக்கவாட்டில் தாக்குகிறது. வாகனம் செல்லும் திசைக்குக் குறுக்காக வீசும் இக்காற்றைக் குறுக்குக்காற்று என்பர்.

சாலையின் திசை இங்கே முதலாவதாகக் கவனிக்கப்பட வேண்டியது. கோவையிலிருந்து பாலக்காடு செல்பவருக்குக் காற்று பெரும்பாலும் முகத்தில் அடிக்கும். திரும்பி வருகையில் முதுகில் தள்ளும். இரண்டும் களைப்பையோ எரிபொருள் செலவையோ கூட்டவோ குறைக்கவோ செய்யுமேயன்றி வண்டியைத் தடம் மாற்றுவதில்லை. ஆனால், கோவையிலிருந்து கிணத்துக்கடவு வழியாகப் பொள்ளாச்சி செல்பவரும், வள்ளியூரிலிருந்து பணகுடி வழியாகக் காவல்கிணறு செல்பவரும் அதே காற்றைப் பக்கவாட்டில் ஏற்றாக வேண்டும். வள்ளியூரிலிருந்து தெற்கே செல்கையில் மேற்குக் காற்று வலப்பக்கத்திலிருந்து வந்து வண்டியைச் சாலையின் இடது ஓரத்துக்குத் தள்ளும். மாலையில் வடக்கே திரும்புகையில் இடப்பக்கத்திலிருந்து வந்து, வேகமாகச் செல்லும் லாரிகளும் கார்களும் பயன்படுத்தும் வலப்புறத் தடத்தை நோக்கித் தள்ளும். ஒரே சாலை, ஒரே காற்று என்றாலும் போகும்போது உள்ள ஆபத்தும் வரும்போது உள்ள ஆபத்தும் வேறுவேறானவை என்பதை அவ்வழியே நாள்தோறும் செல்வோர் நன்கறிவர்.

ஸ்கூட்டர் இக்காற்றுக்கு மோட்டார் சைக்கிளைவிட எளிதில் ஆட்படுவதற்கு அதன் அமைப்பே காரணம். நம் சாலைகளில் ஓடும் 110 சிசி ஸ்கூட்டர்களின் எடை பெரும்பாலும் 105 முதல் 110 கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. சக்கரங்கள் 10 அல்லது 12 அங்குல விட்டமுடையவை. சுழலும் சக்கரம் தன் நிலையைத் தானே காத்துக்கொள்ள முயலும் இயல்புடையது என்றாலும், சக்கரம் சிறிதாகவும் இலேசாகவும் இருக்கையில் அவ்வியல்பு குறைகிறது. இஞ்சின் பின்சக்கரத்தை ஒட்டி அமைந்திருப்பதால் எடையின் பெரும்பகுதி பின்னால் சென்றுவிட, திசையைத் தீர்மானிக்கும் முன்சக்கரம் குறைந்த பாரத்தோடு தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு, கால்களை மறைக்கும் முன்தகடும் பக்கவாட்டு மூடிகளும் ஓட்டுபவரின் நிமிர்ந்த உடலும் சேர்ந்து காற்றுக்கு ஓர் அகலமான பரப்பைக் காட்டுகின்றன. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, ஆளையும் வண்டியையும் சேர்த்துப் பத்துப் பதினைந்து கிலோ எடைக்கு நிகரான விசையால் பக்கவாட்டில் தள்ளும் என மதிப்பிடலாம். காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிப்பெருக்கத்தைப் பொறுத்தது. அதாவது, காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

வண்டியின் சொந்த வேகமும் இவ்விசையைக் கூட்டுகிறது என்பது பலர் எண்ணிப்பாராத செய்தி. ஓடும் வண்டி உணர்வது வீசும் காற்றை மட்டுமன்று. தன் ஓட்டத்தால் எதிரே உண்டாகும் காற்றும் அதனோடு கலந்து, இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு திசையிலிருந்து, இரண்டையும்விட மிகுந்த வேகத்தில் வருவது போன்ற ஒரே காற்றாக வண்டியை மோதுகிறது. இதனைச் சார்புக்காற்று எனலாம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் நேர்குறுக்காக வீசும் காற்றில் 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஸ்கூட்டர் ஏறத்தாழ 72 கிலோமீட்டர் வேகச் சார்புக்காற்றைச் சந்திக்கிறது. அதே வண்டி 30 கிலோமீட்டருக்குக் குறைத்தால் அது 50 ஆகிவிடும். இதனால் பக்கவாட்டு விசை ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு குறைவதோடு, வண்டி தடம் விலகினால் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் அவகாசமும் கூடுகிறது. எனவே வேகத்தைக் குறைப்பதே முதல் மருந்து. ஆயினும், 20 கிலோமீட்டருக்கும் கீழே சென்றால் ஸ்கூட்டர் தன் சமநிலையைத் தானே காக்கும் திறனை இழந்து தள்ளாடத் தொடங்குமாதலால், பலத்த காற்றில் 30 முதல் 40 கிலோமீட்டர் வரையிலான சீரான வேகமே பொருத்தமானது.

சீராக வீசும் காற்று எவ்வளவு பலமானதாயினும் ஓட்டுபவர் சிறிது தொலைவுக்குள் அதற்குப் பழகிவிடுவார். வண்டியும் காற்று வரும் பக்கம் நான்கைந்து பாகை சாய்ந்தபடி நேராகச் சென்றுகொண்டிருக்கும். விழச் செய்வது காற்றில் ஏற்படும் திடீர் மாற்றமே. காற்றுப் பக்கம் சாய்ந்து செல்லும் வண்டி ஒரு கட்டடத்தின் அல்லது பாறைக்குன்றின் மறைவுக்குள் நுழைந்தவுடன் அதுவரை தாங்கிக்கொண்டிருந்த விசை நீங்கிவிடுவதால், சாய்ந்த பக்கமே இழுத்துக்கொண்டு போகும். மறைவு முடிந்து வெட்டவெளிக்கு வரும் நொடியில், நிமிர்ந்துவிட்ட வண்டியைக் காற்று மறுபடியும் முழு வலிமையோடு அறையும். பனந்தோப்பு முடியும் இடம், மேம்பாலத்தில் ஏறும் இடம், ஊர் எல்லையில் கடைசி வீட்டைத் தாண்டும் இடம், சுங்கச்சாவடியைக் கடந்தவுடன் வரும் வெளி, இருபுறமும் கரை உயர்ந்த சாலை தணியும் இடம் ஆகியவற்றை வழக்கமாகச் செல்லும் பாதையில் ஒவ்வொருவரும் மனத்தில் குறித்துவைத்துக்கொண்டு, அவ்விடங்களை எட்டுவதற்கு முன்பே வேகத்தைத் தணித்துவிட வேண்டும்.

இம்மறைவுகளுள் மிகவும் கொடியது நகரும் மறைவாகிய கண்டெய்னர் லாரி. காற்று வலப்பக்கத்திலிருந்து வீசுகையில், ஸ்கூட்டரின் வலப்புறமாக ஒரு கண்டெய்னர் லாரி முந்திச் செல்வதாகக் கொள்வோம். லாரியின் முகப்பு அருகே வந்ததும் அது ஒதுக்கித்தள்ளும் காற்று ஸ்கூட்டரைச் சற்றே வெளியே தள்ளும். அதன் நீண்ட உடல் பக்கத்தில் இருக்கும் சில நொடிகள் காற்று முற்றிலும் அடங்கிப்போக, வலப்பக்கம் சாய்ந்திருந்த ஸ்கூட்டர் லாரியின் சக்கரங்களை நோக்கியே நகரும். லாரியின் வால் கடந்ததும் அடைபட்டிருந்த காற்று ஒரே வீச்சாக வந்து இடது ஓரத்து மண்ணுக்குத் தள்ளும். மூன்று வெவ்வேறு தள்ளல்கள் சில நொடிகளுக்குள் அடுத்தடுத்து நிகழ்கின்றன. கண்ணாடியில் லாரியைக் கண்டவுடன் ஆக்சிலேட்டரைச் சற்றுத் தளர்த்தி, லாரிக்கும் தனக்கும் இடையே இயன்ற அளவு இடைவெளி விட்டு, அது விரைந்து கடந்துபோக விடுவதே தக்கது. பலத்த காற்றில் லாரியையோ பேருந்தையோ ஸ்கூட்டரில் முந்துவது அறவே தவிர்க்கப்பட வேண்டிய செயல். முந்தும்போது அந்த மறைவுக்குள் செலவிடும் நேரம் நீள்கிறது, வெளிவரும்போது வேகமும் மிகுந்திருக்கிறது.

ஹேண்டில்பாரைக் கையாளும் முறையில் அனுபவமுடையோரும் தவறுவதுண்டு. இடப்பக்கத்திலிருந்து வரும் காற்று வண்டியை வலப்பக்கம் தள்ளும்போது, அச்சத்தில் ஹேண்டிலை இடப்பக்கம் வெட்டித் திருப்புவது இயல்பாக எழும் எதிர்வினை. ஓடும் இருசக்கர வாகனத்தில் முன்சக்கரம் இடப்பக்கம் திரும்பினால் சக்கரங்கள் உடலுக்கு அடியிலிருந்து இடப்பக்கம் விலக, வண்டி வலப்பக்கம் சாயும். அதாவது, காற்று எப்பக்கம் சாய்க்கிறதோ அப்பக்கமே மேலும் சாயும். இதற்கு மாறாக, காற்று வரும் பக்கத்துக் கைப்பிடியை முன்னோக்கி மெல்ல அழுத்தினால் வண்டி காற்றை எதிர்த்துச் சாய்ந்து நேராகச் செல்லும். எதிர்த்திருப்பம் எனப்படும் இம்முறை, காற்றில்லாத நாளில் ஆளரவமற்ற சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் சென்றபடி ஒரு கைப்பிடியை இலேசாக முன்னே தள்ளிப் பார்த்தால் எவருக்கும் விளங்கிவிடும். அழுத்தத்தின் அளவு மிகச் சிறியதாக இருக்க வேண்டும். கைப்பிடியை இறுகப் பற்றி முழங்கையை விறைப்பாக வைத்திருந்தால், உடலைத் தாக்கும் ஒவ்வொரு வீச்சும் கைகளின் வழியே முன்சக்கரத்துக்குச் சென்று அதை ஆட்டும். முழங்கை சற்று மடங்கி, தோள் தளர்ந்திருந்தால் அந்த ஆட்டம் உடலோடு நின்றுவிடும்.

தடத்தில் எங்கே செல்வது என்பதைக் காற்றின் திசையே முடிவு செய்ய வேண்டும். காற்று எப்பக்கம் தள்ளுமோ அப்பக்கத்தில் ஒன்றரை மீட்டராவது இடம் விட்டுச் செல்வது பொதுவிதி. வலப்பக்கக் காற்றில் வழக்கம்போல் சாலையின் விளிம்பை ஒட்டிச் செல்பவர் ஒரே வீச்சில் தார்ச்சாலைக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் இறங்கிவிடுவார். சிறிய சக்கரம் அப்பள்ளத்திலிருந்து மீண்டும் ஏற முயலும்போதே பெரும்பாலும் கவிழ்கிறது. தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனை செல்லும் சாலையில் இதற்கு மேலும் ஒரு கேடு உண்டு: காற்று கடற்கரை மணலைச் சாலையின் மேல் கொணர்ந்து பரப்பிவிடுவதால், தள்ளப்படும் வண்டிக்குப் பிடிமானமும் இல்லாமற்போகிறது. மணற்படிவின் மீது பிரேக் பிடிக்காமலும் திருப்பாமலும் நேராகக் கடந்துவிட வேண்டும்.

உடை, சுமை, உடன்வருவோர் ஆகியன பற்றியும் சில சொல்ல வேண்டும். பொத்தானிடாத மழைக்கோட்டு பாய்மரத்துக்கு ஒப்பானது. காற்றை நிறைத்துக்கொண்டு ஆளையே பின்னுக்கு இழுக்கும். துப்பட்டாவும் முந்தானையும் இடுப்பில் செருகப்பட வேண்டும்; அவை சக்கரத்தில் சிக்கும் ஆபத்தும் காற்றில் கூடுகிறது. பின்னால் ஒருபுறமாகக் கால்போட்டு அமர்வது பரவலான வழக்கமாயினும், சமநிலை ஏற்கெனவே ஒருபக்கம் சாய்ந்துள்ள வண்டியைக் காற்றிலும் நேராகச் செலுத்துவது கடினமாதலால், காற்றுக்காலத்தில் இருபுறமும் கால்போட்டு ஓட்டுபவரை ஒட்டி அமர்வதே உகந்தது. கால் வைக்கும் தளத்தில் தாழ்வாக வைக்கப்படும் அரிசிப்பை தீங்கு செய்வதில்லை. இருக்கைக்கு மேல் உயர்ந்து நிற்கும் அட்டைப்பெட்டியும் ஹேண்டிலில் தொங்கும் பைகளும் செய்யும். டயரில் உரிய அளவு காற்று இருப்பதையும், ஹேண்டில் திரும்பும் இடத்திலுள்ள கோன் செட் தளர்ந்திராமையையும் ஆடி பிறக்குமுன் மெக்கானிக்கிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்வது நன்று. ஹெல்மெட்டின் கண்ணாடி மூடியிருக்க வேண்டும். கண்ணில் விழும் ஒரு மணல்துகள் போதும், வீச்சு வரும் நொடியில் பாதையை மறைக்க.

காற்றை முன்கூட்டியே அறிவதற்கு வழியெங்கும் குறிப்புகள் உள்ளன. காற்றாலையின் சுழலி காற்று வரும் திசையை நோக்கித் தானே திரும்பிக்கொள்ளும் இயந்திரமாதலால், அதன் முகம் சாலையைப் பார்த்திருந்தாலோ சாலைக்கு முதுகு காட்டியிருந்தாலோ காற்று சாலையைக் குறுக்கே வெட்டுகிறது என்று பொருள். பனையோலைகள் ஒரே பக்கமாக வாரப்பட்டு நிற்பதும், எதிரே வரும் இருசக்கர ஓட்டிகள் சாய்ந்து வருவதும் அவ்வாறே. மரங்கள் முழுமையாக ஆடி, காற்றை எதிர்த்து நடப்பதே சிரமமாக இருந்தால், போஃபர்ட் அளவுகோலின்படி காற்று மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்புகளில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறைக்காற்று வீசக்கூடும் என்பது போன்ற வாசகம் இடம்பெறும். இவற்றுள் ஸ்கூட்டர் ஓட்டுபவர் கணக்கில் கொள்ள வேண்டியது இடையிடையே என்று குறிக்கப்படும் பெரிய எண்ணையே, ஏனெனில் விழச் செய்யும் வீச்சின் வேகம் அதுவே. பொதுவாகக் காலையில் தணிந்திருக்கும் காற்று பிற்பகலில் வலுப்பதால், பயணத்தை முற்பகலுக்குள் முடித்துக்கொள்ள இயன்றவர்கள் அவ்வாறே செய்யலாம்.

வேகத்தைக் குறைத்தும் வண்டி தன் தடத்தில் நிற்காமல் மீண்டும் மீண்டும் விலகுமானால், நிறுத்திவிடுவது தவிர வேறு வழியில்லை. காற்று மறைவுள்ள ஓரிடத்தில், வண்டியின் முகம் காற்றை நோக்கியிருக்குமாறு சென்டர் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். பின்னாலிருந்து வரும் காற்று வண்டியை ஸ்டாண்டிலிருந்து முன்னே தள்ளி இறக்கிவிடக்கூடும். சைடு ஸ்டாண்டில் இடப்பக்கம் சாய்ந்து நிற்கும் வண்டியை இடப்பக்கக் காற்று நிமிர்த்தி வலப்பக்கம் கவிழ்த்துவிடும்.

1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகி ரயிலை நிறுத்தும் ஏற்பாடு இருந்தது. பல நூறு டன் எடையுள்ள ரயிலே நின்ற காற்றில், அருகிலேயே 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின் மீது செல்லும் ஸ்கூட்டர் ஓட்டிக்குத் தன் அறிவே சிக்னலாக அமைய வேண்டியுள்ளது. அப்பாலத்தின் இரு முனைகளிலும், காவல்கிணறு, பல்லடம் போன்ற இடங்களில் சாலை வெட்டவெளிக்கு வரும் முகப்புகளிலும், விமான நிலையங்களில் காற்றின் திசையும் வேகமும் காட்டப் பறக்கவிடப்படும் துணிப்பையும் ஓர் எச்சரிக்கைப் பலகையும் நிறுவுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. நெடுஞ்சாலைத் துறையினர் அடுத்த ஆடிக்கு முன் இதனைச் செய்து முடிக்க வேண்டும்.