கிடை கட்டின கொல்லையில் மழைத்தண்ணி இறங்குமா?

நெல்லிக்குப்பம், பண்ருட்டி வட்டாரத்தில் அறுவடை முடிந்ததும் ஆடு மாடுகள் நிலத்தில் இறங்கிவிடும். தாள் மேயும், புழுக்கை போடும். ராத்திரியில் கிடை கட்டினால் உரச் செலவும் குறையும். ஆனால் "மாடு மிதிச்சா மண்ணு இறுகிடும், தண்ணி உள்ளே போவாது" என்று சொல்பவர்களும் உண்டு. இதில் எது சரி? இரண்டுமே சரிதான். மண் ஈரமாக இருந்ததா, காய்ந்திருந்ததா என்பதைப் பொறுத்து பலன் மாறும்.

ஏன் கவனிக்க வேண்டும்?

கடலூர் மாவட்டத்துக்குப் பெரும்பகுதி மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கிடைக்கிறது. ஒரு ஏக்கரில் ஒரு அங்குலம் மழை பெய்தால் அது சுமார் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். மண்ணுக்குள் இறங்கினால் கரும்புக்கும் மணிலாவுக்கும் ஆகும், போர் தண்ணீருக்கும் உதவும். இறங்காவிட்டால் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு கெடிலம் ஆறு வழியாகக் கடலுக்குப் போய்விடும்.

குளம்பு என்ன செய்கிறது?

மண்ணில் உள்ள சிறு துளைகள் வழியாகத்தான் தண்ணீர் இறங்குகிறது. ஈரமண்ணில் கால்நடை நடந்தால் மேலே உள்ள சில அங்குல மண்ணில் அந்தத் துளைகள் நசுங்கிவிடும். களிமண் நிலத்தில் பாதிப்பு அதிகம். காய்ந்த மண் அந்தப் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும்.

இன்னொரு விஷயம், தாள் முழுவதும் மேய்ந்துபோனால் வெறும் மண்ணில் மழைத்துளி நேராக அடித்து மேலே ஓடு கட்டும். அதுவும் தண்ணீரைத் தடுக்கும். அதே நேரம் சாணமும் புழுக்கையும் மண்ணோடு கலந்தால் மண்புழு பெருகும், மண் பொலபொலப்பாகும்.

இப்படிச் செய்யலாம்

• மழை பெய்த நிலத்தில் உடனே மேய்க்க வேண்டாம். ஒரு பிடி மண்ணை உருட்டிப் பாருங்கள். உருண்டை பிடித்தால் இன்னும் சில நாள் பொறுங்கள்.
• தாளில் பாதியாவது நிலத்தில் இருக்கும்போதே மந்தையை ஓட்டிவிடுங்கள்.
• கிடையை ஒரே இடத்தில் வைக்காமல் இடம் மாற்றிக் கட்டச் சொல்லுங்கள்.
• கிடை முடிந்தபின் கோடை உழவு போட்டால் மேல் இறுக்கம் உடையும், எருவும் மண்ணோடு கலக்கும்.

நெல் கழனிக்குக் கணக்கு வேறு. அங்கே தண்ணீர் நிற்க வேண்டும் என்றுதான் சேறடிக்கிறோம். இந்தக் கவலை முக்கியமாகக் கொல்லைக்கும் கரும்பு நிலத்துக்கும்தான்.

நீங்களே சோதிக்கலாம்

6 அங்குல விட்டம், 5 அங்குல உயரம் உள்ள பைப் துண்டு ஒன்று எடுங்கள். 3 அங்குலம் மண்ணில் இறங்கும்படி அடியுங்கள். உள்ளே பிளாஸ்டிக் தாள் விரித்து, 450 மி.லி. தண்ணீர் ஊற்றி, தாளை மெதுவாக உருவுங்கள். இது ஒரு அங்குலம் மழைக்குச் சமம். முதல் தண்ணீர் மண்ணை நனைக்க மட்டும். அது இறங்கியதும் மறுபடி அதே அளவு ஊற்றி, போனில் ஸ்டாப்வாட்ச் போடுங்கள். 10 நிமிடத்தில் இறங்கினால் மணிக்கு 6 அங்குலம். ஒரு மணி நேரம் ஆனால் மணிக்கு ஒரு அங்குலம்தான்.

கிடை கட்டிய இடத்திலும், கால்நடை போகாத வேலியோரத்திலும் மூன்று மூன்று முறை பாருங்கள். மண்ணுக்கு மண் வேகம் மாறும், அதனால் பக்கத்து ஊர் நிலத்தோடு ஒப்பிட வேண்டாம். கிடை இடத்தில் ரொம்ப நேரம் எடுத்தால், மழைக்கு முன்பே உழவு தேவை என்று அர்த்தம்.

யாரைக் கேட்பது?

'உழவன்' செயலியில் வானிலை விவரம் பார்த்துவிட்டு மந்தைக்காரரிடம் நாள் பேசுங்கள். உங்கள் ஊருக்கான உதவி வேளாண்மை அலுவலர் விவரமும் அதிலேயே உண்டு. விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை கேட்கலாம். கிசான் கால் சென்டரின் கட்டணமில்லா எண் 1800-180-1551, தமிழிலேயே பேசலாம். சோதனையில் வந்த நிமிடக் கணக்கைக் குறித்து வைத்துக்கொண்டு பேசினால், உங்கள் நிலத்துக்கு ஏற்ற பதில் கிடைக்கும்.