வீடே அலுவலகம் என்றால், மும்பையில் எந்தப் பேட்டை?

மும்பைக்குக் குடிபெயர்ந்த தமிழர்கள் காலங்காலமாகப் போட்டுவந்த கணக்கு ஒன்றுதான்: வேலை எந்த ரயில் பாதையில் இருக்கிறதோ, வீடும் அதே பாதையில். மடிக்கணினியில் வேலை பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு உதவாது. கணவருக்கோ மனைவிக்கோ மாற்றல் வந்து, பெங்களூரு அல்லது சென்னை நிறுவனத்தின் வேலையைக் கையோடு எடுத்துக்கொண்டு மும்பை வருபவர், நாளின் பெரும்பகுதியை வீட்டுக்குள்ளேயே கழிக்கப்போகிறார். ஸ்டேஷன் எவ்வளவு பக்கம் என்பதைவிட, பகல் பதினொரு மணிக்கு அந்த வீட்டுக்குள் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு சத்தம் என்பதே அவருக்கு முக்கியம்.

1. முதலில் நாளைத் திட்டமிட வேண்டும்

வாடகை விளம்பரங்களைப் பார்ப்பதற்கு முன், ஒரு வேலைநாள் எப்படிப் போகிறது என்று எழுதிக்கொள்வது நல்லது. அமெரிக்க நேரத்துக்கு இரவில் உழைப்பவருக்குப் பகலில் தூங்க அமைதி வேண்டும். நாள் முழுக்கக் காணொளிக் கூட்டங்களில் இருப்பவருக்குக் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை வேண்டும். ஓர் அறையும் சமையலறையும் மட்டுமுள்ள ‘ஒன் ஆர்கே’ வீட்டில் இருவர் ஒரே நேரத்தில் கூட்டத்தில் பேச முடியாது. ஸ்டேஷனிலிருந்து பதினைந்து நிமிட நடைத் தொலைவு தள்ளிப் போனால், அதே வாடகைக்கு இன்னோர் அறை கிடைக்க வாய்ப்புண்டு. தினமும் ரயில் ஏறாதவர் அந்த அறையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2. தமிழர் வாழும் மூன்று பேட்டைகளை வேலைநாளில் பார்க்க வேண்டும்

*மாட்டுங்கா.* 1896இல் பம்பாயைப் பிளேக் தாக்கியது. அதன் விளைவாக 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு அமைப்பான இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட், நெரிசலைக் குறைக்கத் தாதர்–மாட்டுங்கா பகுதியை அகலமான தெருக்களும் தோட்டங்களுமாகத் திட்டமிட்டது. ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் இன்றும் கிடைக்கும் மரநிழலும் காற்றும் அந்தத் திட்டத்தின் பலன். ஆஸ்திக சமாஜக் கோயில், கிரி கடை, 1940 முதல் நடக்கும் கஃபே மெட்ராஸ், நம்மூர்க் காய்கறி கிடைக்கும் மார்க்கெட் எல்லாம் நடந்துபோகும் தொலைவில் இருக்கின்றன. நாளெல்லாம் திரையைப் பார்த்திருப்பவருக்கு மாலையில் இறங்கி நடக்கவும் தமிழில் நாலு வார்த்தை பேசவும் இடமிருப்பது சிறிய விஷயமல்ல.

ஆனால் இங்கே வாடகை அதிகம். பழைய கட்டடங்கள் பல இடிபட்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளாக எழுந்துகொண்டிருக்கின்றன. பக்கத்து மனையில் பைலிங் இயந்திரம் ஓடினால் பகலில் ஒரு கூட்டம்கூட நடத்த முடியாது. அசைவம் சமைப்பவர்களும் தனியாக வரும் இளைஞர்களும், அந்தக் கட்டடத்தில் தடை ஏதும் உண்டா என்று புரோக்கரிடம் முதல் பேச்சிலேயே கேட்டுக்கொள்வது வீண் அலைச்சலைத் தவிர்க்கும். கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் பகுதி மழைநீர் தேங்குவதற்குப் பேர்போனது. அங்கே தரைத்தள வீடு வேண்டாம்.

*செம்பூர்.* ஒரே வாடகைக்கு மாட்டுங்காவைவிடச் சற்றுப் பெரிய வீட்டை எதிர்பார்க்கலாம். சேடா நகர் முருகன் கோயிலைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. தமிழ்நாட்டு ரயில்கள் சில புறப்படும் லோக்மான்ய திலக் டெர்மினஸ், திலக் நகர் ஸ்டேஷனை ஒட்டியே இருப்பதால், அடிக்கடி ஊருக்குப் போகிறவர்களுக்கு வசதி. அதே சமயம், தெற்கே மாஹுலில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் இருக்கின்றன. தேவ்னார் குப்பைமேடும் தொலைவில் இல்லை. காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை போய் நின்று காற்றின் வாடையை முகர்ந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது கட்டாயம்.

*தாராவி.* திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்டவர்களின் உழைப்பு இந்தப் பேட்டையின் வரலாற்றில் பெரும்பங்கு. வாடகை குறைவு, சயான், மாஹிம் ஸ்டேஷன்கள் பக்கம். 2025 மே மாதம் மெட்ரோ 3 பாதையில் தாராவிக்கென்றே ஒரு நிலையம் திறந்தது. இங்கே பிறந்து வளர்ந்தவருக்கு உறவும் நட்பும் தரும் பலத்தை வேறெந்தப் பேட்டையும் தராது. புதிதாக வருபவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: 2022இல் அதானி குழுமம் ஏலத்தில் வென்ற மறுசீரமைப்புத் திட்டம் நடந்துகொண்டிருக்கிறது. 2000 ஜனவரி 1க்கு முந்தைய தரைத்தள வீட்டுக்காரர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு என்பது திட்டம். இன்று வாடகைக்கு வருபவர் அந்தக் கணக்கில் சேர மாட்டார். அறை எந்தப் பகுதியில் வருகிறது, எப்போது காலி செய்யச் சொல்வார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டே நுழைய வேண்டும்.

3. கட்டடத்தைச் சோதிக்க வேண்டும்

வேலைநாள் மதியம், வீட்டுக்குள்ளிருந்தே ஒரு காணொளி அழைப்பைப் பேசிப் பார்க்கலாம். ஜன்னலை மூடினால் சத்தம் எவ்வளவு குறைகிறது, கைப்பேசி சிக்னல் உள் அறையில் நிற்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். எந்த ஃபைபர் நிறுவனங்கள் ஏற்கெனவே அந்தக் கட்டடத்துக்குள் கேபிள் இழுத்திருக்கின்றன என்று பக்கத்து வீட்டில் கேட்க வேண்டும். புதிய நிறுவனத்தைக் கொண்டுவரக் கட்டடத்தின் குடியிருப்பாளர் சொசைட்டியின் அனுமதி தேவைப்படலாம். அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம்.

மும்பையில் மின்வெட்டு அபூர்வம். அதனாலேயே பல வீடுகளில் இன்வெர்ட்டர் இல்லை. 2020 அக்டோபர் 12 அன்று காலை நகரின் பெரும்பகுதியில் மின்சாரம் போய் லோக்கல் ரயில்கள் நின்றபோது, வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார நேர்ந்தது. ரூட்டருக்கு மட்டும் ஒரு சிறிய யுபிஎஸ் வாங்கி வைத்தால் போதும். மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் மின்சாரம் தருவது பெஸ்ட் நிறுவனம்; செம்பூரில் டாடா பவர் அல்லது அதானி. கோடை மாத பில் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், பகலெல்லாம் ஏசி ஓடும் செலவை மதிப்பிடலாம். மாநகராட்சித் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்பதை வாட்ச்மேன் சொல்வார்.

4. பத்திரத்தில் எழுதிப் பதிய வேண்டும்

மும்பையில் வாடகை ஒப்பந்தம் ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ முறையில் போடப்படுகிறது. 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 55ஆம் பிரிவின்படி, பதினோரு மாத ஒப்பந்தத்தையும் பதிவு செய்தே ஆக வேண்டும். அது வீட்டுக்காரரின் பொறுப்பு. முத்திரைத் தீர்வை, மொத்த வாடகையோடு டெபாசிட்டுக்கு ஆண்டுக்கு 10 சதவீத வட்டியையும் சேர்த்து, அதில் 0.25 சதவீதம். மாத வாடகை 50,000, டெபாசிட் 2 லட்சம் என்றால், பதினோரு மாதத்துக்குச் சுமார் 1,400 ரூபாய்தான். பதிவுக் கட்டணம் மாநகரில் 1,000 ரூபாய். இந்தத் தொகையை மிச்சப்படுத்தப் பதிவைத் தவிர்ப்போம் என்று யாராவது சொன்னால் இணங்க வேண்டாம்.

வீட்டைக் காட்டுபவர் உண்மையில் உரிமையாளர்தானா என்பதை சொசைட்டியின் பராமரிப்பு பில்லில் பார்த்துக்கொள்ளலாம். தாதர், மாட்டுங்கா பக்கம், குடியிருப்பவர் முழு உரிமையாளராக இல்லாத ‘பகடி’ முறைக் குடியிருப்புகள் இன்னும் இருப்பதால் இந்தச் சோதனை அவசியம். கட்டடம் மறுசீரமைப்புக்குப் போகிறதா என்று சொசைட்டி செயலாளரிடம் நேரில் கேட்க வேண்டும். இடையில் காலி செய்ய நேர்ந்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, டெபாசிட் எந்தத் தேதிக்குள் திரும்பும் என்ற இரண்டும் எழுத்தில் இடம்பெற்ற பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.