ஃபால்ஸ் சீலிங் வீட்டைக் குளிர்விக்காது

“மேல்மாடி வீடுங்க, அனல் தாங்கல. ஃபால்ஸ் சீலிங் போட்டா குளுகுளுன்னு ஆயிடுமாமே?” மார்ச் பிறந்தால் போதும், கட்டட வேலை பார்க்கும் என்னிடம் இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பவர்களில் பலர் முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

உங்கள் கூரை 5 அங்குலக் கான்கிரீட். காலையிலிருந்து வெயிலைக் குடித்து, சூட்டை மெல்லக் கீழே இறக்கும். உச்சிவேளைச் சூடு அடிப்பக்கம் வந்து சேர மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும். இரவு ஒன்பது மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி, தளத்தைத் தொட்டுப் பாருங்கள். வெளியே காற்று ஆறியிருக்கும், தளம் ஆறியிருக்காது.

இத்தனை சூட்டையும் தளத்துக்குள் வரவிட்டு, அதற்குக் கீழே அரை அங்குல ஜிப்சம் பலகையைத் தொங்கவிடுவதில் என்ன பயன்? பலகையும் இடையிலுள்ள காற்றும் சேர்ந்து கொஞ்சம் தடுக்கும், மறுக்கவில்லை. ஏசி அறையாக இருந்தால் குளிர்விக்க வேண்டிய காற்றும் சற்றுக் குறையும். ஆனால் நேரம் ஆக ஆக இடைவெளியில் சூடு தேங்கி, பலகையும் காய்ந்து, அதுவே அனலை இறக்கத் தொடங்கும். போதாக்குறைக்குத் தளத்தில் ஓதம் இறங்கினாலும், கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அதே பணத்தில் எக்ஸ்.பி.எஸ். எனும் 2 அங்குல வெப்பத்தடுப்பு நுரைப் பலகையைத் தளத்தின் மேலே பதிக்கலாமா என்று பாருங்கள். ஜிப்சமும் காற்றிடைவெளியும் தடுப்பதைப் போல ஐந்து மடங்குக்கு மேல் அது தடுக்கும்.

அதற்கும் வசதியில்லையா? சுண்ணாம்பு அடியுங்கள். அழுக்கேறிய சிமென்ட் தளம், விழும் வெயிலில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். புதிதாக அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். “மழை பெய்தால் போயிடுமே சார்” என்பார்கள். போகட்டுமே, கோடைக்குத்தானே அடிக்கிறோம்? வருடம் ஒருமுறை மாடியைக் கூட்டிக் கழுவி, சுண்ணாம்பில் கொஞ்சம் பசை கலந்து இரண்டு கோட் அடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். முன்பு நம் கொத்தனார்கள் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்த் தண்ணீர் விட்டு, நாள்கணக்கில் கட்டையால் தட்டி, ‘சுருக்கி’ எனும் பூச்சைப் போட்டு, மேலே தட்டோடு பதித்தார்கள். ஒழுகலைத் தடுத்த அந்தப் பூச்சு வெயிலையும் தடுத்தது. செலவு மிச்சம் என்று அதை விட்டுவிட்டு, இப்போது பலகைக்குச் செலவழிக்கிறோம்.

கோடையில் காதில் விழும் மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. ஏசியை 16-ல் வைத்தால் அறை சீக்கிரம் குளிராது. சாதாரண ஏசியின் கம்ப்ரசர் எந்த எண்ணில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் ஓடும், நிற்காமல் ஓடுவதுதான் மிச்சம். 2020 முதல் ஸ்டார் முத்திரை பெற்ற ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி மத்திய அரசு விதி செய்ததும் மின்சாரத்தை மிச்சப்படுத்தத்தான். வெயில் கொளுத்தினால் சோலார் பலகை அதிகம் தரும் என்பதும் பாதி உண்மைதான். அதற்கு வேண்டியது வெளிச்சம். 25 டிகிரிக்கு மேல் பலகை சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். ஃபேன் வேகத்தைக் குறைத்தால் மின்சாரம் மிச்சமாகாது என்பது பழைய பெட்டி ரெகுலேட்டர் காலத்துப் பேச்சு. இன்றைய எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் மிச்சமாகும்.

கூரைச் சூட்டுக்கே வருவோம். சொந்த வீட்டுக்காரர்கள் எப்படியாவது சமாளித்துக்கொள்வார்கள். எனக்கு மனசு ஆறாதது அரசு வாரியக் குடியிருப்புகளின் கடைசி மாடியை நினைத்துத்தான். ஏசி வாங்க முடியாதவர்கள், கைக்குழந்தையோடு இரவில் மொட்டை மாடிக்கு ஏறிப் படுக்கிறார்கள். அகமதாபாத் குடிசைப் பகுதிகளில் கூரைகளுக்கு வெள்ளை அடித்தார்கள். தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது. இங்கேயும் வாரியம் தன் மாடிகளுக்கெல்லாம் ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். பிப்ரவரியில் டெண்டர் விட்டால் பங்குனி வெயிலுக்கு முன் வேலை முடிந்துவிடும்.