கால் இல்லாத நடை

மலையூற்றிலிருந்து கறுப்புக் குழாய் இழுத்துத்தான் ஹல்துமுல்லைப் பக்கம் பல வீடுகளுக்குத் தண்ணீர் வருகிறது. குழாயின் மூட்டைக் கழற்றி உள்ளே விரல் விட்டால் வழுவழுவென்று ஒரு படை ஒட்டும். பாசி என்போம். வெளிச்சம் புகாத இடத்தில் பாசி எப்படி வளரும்? அந்தப் படையில் பெரும்பாலும் இருப்பவை பற்றீரியாக்கள். தாமே சுரந்த பசைக்குள் கூட்டமாக வாழ்கின்றன.

இப்படி ஈரத்தில் வாழும் ஒன்றுதான் சூடோமோனாஸ் ஏரூஜினோசா. நீருக்குள் இது சவுக்குமுளையைச் சுழற்றி நீந்தும். பரப்பில் ஒட்டியதும் வேறு வழி. உடலின் முனையிலிருந்து மெல்லிய புரத இழைகளை நீட்டும். இழை நுனி பரப்பைப் பற்றும். பிறகு இழையை உள்ளே இழுக்கும். உடலும் முன்னே நகரும். வழுக்கும் மலைச்சரிவில் தேயிலைத் தூரைப் பிடித்து ஏறுகிறோமே, அதுபோல. இவ்விழைகளுக்குப் பெயர் பிலி. நம் தண்ணீர்ப் பீலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!

கண்ணில்லாத உயிருக்குத் திசை எப்படித் தெரியும்? சுவிற்சர்லாந்தின் லொசான் நகர ஆய்வாளர்கள் 2021இல் ஒரு விடை தந்தார்கள். இழை எதையேனும் பற்றி இழுபடும்போது அந்த முனையில் ஒரு சமிக்ஞை எழுகிறது. பில்-ஜீ என்ற புரதம் அதே முனையில் மேலும் இழைகளை முளைக்கச் செய்கிறது. பிடி கிடைத்த பக்கமே பயணம் தொடரும். பில்-எச் என்ற இன்னொரு புரதம் அதைத் தணிப்பதால், தேவைப்படும்போது மறுமுனை முன்முனையாகிறது. உடலைத் திருப்ப வேண்டியதில்லை. இருபுறமும் சாரதி ஆசனமுள்ள ரயில் திரும்பிப் போவதைப்போல. பில்-எச் நீக்கப்பட்டவை எதிலாவது மோதினாலும் திரும்பத் தெரியாமல் முன்னோக்கியே முட்டின. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பிடிவாதத்துக்கும் ஒரு கடிவாளம் வேண்டியிருக்கிறது.

பெற்றோர் அறிய வேண்டியதும் உண்டு. 1882இல் பிரான்சின் கார்ல் ஜெசார் இதே பற்றீரியாவைப் பிரித்தெடுத்தது, காயத்துக்குக் கட்டிய துணிகளில் படிந்த நீலப்பச்சை நிறத்திலிருந்து. தீக்காயம் இதற்கு வசதியான ஈரப்பரப்பு. ஒருமுறை பசைப்படை அமைத்துவிட்டால் மருந்துகள் எளிதில் எட்டா. அடுப்பில் கை சுட்டால் பற்பசை பூசும் வழக்கத்தை விட்டு, சுத்தமான ஓடும் நீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். கட்டுத்துணியில் பச்சை நிறமோ துர்நாற்றமோ கண்டால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.