குடியிருப்பு மனைக்குக் கால்நடை வேலி: திட்டமும் செலவுக் கணக்கும்

ஆண்டிபட்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் பெரும்பான்மையான நிலம் மானாவாரியே. 1959ஆம் ஆண்டில் வைகை அணை அருகிலேயே திறக்கப்பட்ட பின்னரும், மழை தவறிய காலத்தில் குடியானவர் குடும்பத்திற்குக் கைகொடுப்பவை ஆடும் கறவை மாடுமே. ஆனால் வேலியில்லாத மனையில் வளரும் ஆடு, லாபத்தோடு வழக்கையும் கொண்டுவரும். 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம், பயிரை அழித்த ஆட்டையும் குட்டியையுங்கூடப் பிடித்துப் பவுண்டில் அடைக்கும் உரிமையை நிலத்துக்காரருக்கு அளித்தது. அபராதமும் தீனிச் செலவும் உடையவர் தலையில் விழும்; அண்டை வீட்டாரின் மனஸ்தாபம் அதனினும் பெரிய நஷ்டம். இரவில் தெருநாய்கள் புகுந்து கடிப்பதால் விளையும் சேதமும் உண்டு.

ஆதலின் வேலி அவசியமே. எனினும் எவ்வளவு வேலி, எவ்வகை வேலி என்று கணக்கிடாமல் கடன் வாங்கி அடைப்பவர், வேலியே பயிரை மேய்ந்த கதையாக, ஆட்டை விற்று வேலிக்கடன் தீர்க்க நேரிடும்.

1. அளவு

முதலாவதாக எல்லைக் கற்களைக் கண்டு, அண்டை வீட்டார் முன்னிலையில் அளத்தல் வேண்டும். 10 சென்ட் மனை 4,356 சதுர அடியாகும். அது 66 அடிக்கு 66 அடி சதுரமாயின் சுற்றளவு 264 அடி. 132 அடிக்கு 33 அடியாக நீண்டிருப்பின் 330 அடி. பரப்பு ஒன்றேயாயினும் வேலி 66 அடி அதிகப்படுகிறது. ஆகவே வேலிச் செலவைச் சென்ட்டுக் கணக்கில் மதிப்பிடாமல் அடிக்கணக்கில் மதிப்பிடுவதே முறை.

2. எதை அடைப்பது?

ஆடு ஒன்றுக்குக் கூரையடியில் 10 சதுர அடியும், திறந்த வெளியில் 20 சதுர அடியும் வேண்டும். 10 ஆடுகளுக்கு 300 சதுர அடி, அதாவது 20 அடிக்கு 15 அடியுள்ள ஒரு பட்டி போதும். அதன் சுற்றளவு 70 அடி மாத்திரமே. மனையின் 264 அடியில் நாலில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். பலமான கம்பிவலை இந்தப் பட்டிக்குத்தான் தேவை. மனையின் வெளிச்சுற்றுக்கு உயிர்வேலி போதும்.

உயிர்வேலிக்கு நல்ல முன்மாதிரி காங்கேயம் பகுதியின் கொறங்காடுகள். அங்குள்ள குடியானவர்கள் முள்கிளுவையை வேலியாக வளர்த்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் பேணி, காங்கேயம் மாடுகளை மேய்த்து வருகின்றனர். கிளுவைப் போத்துகளை மழைக்கு முன்னர் அடிக்கொன்றாக நட்டால் வேர்பிடிக்கும். கால்நடை புகாதபடி அடர்வதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும். அதுவரை முள் அடைப்பு வைத்து, பட்டுப்போன இடங்களில் மறுநடவு செய்தல் வேண்டும். சீமைக் கருவேலை வேலிக்கு வைத்தல் ஆகாது. அதன் நெற்றைத் தின்ற ஆடுமாடுகளின் சாணம் வழியே விதை பரவி, நிலத்தையே கவர்ந்துகொள்ளும்.

3. மாதிரிக் கணக்கு

கீழ்க்காணும் விலைகள் உதாரணத்திற்கே. அவரவர் ஊர் விலையை இட்டுக் கணக்கிடுக.

பட்டி: கல்கால் 9, ஒன்று 350 ரூபாய் வீதம் 3,150. வாசல் 4 அடி நீங்கலாக 66 அடி நீளம், 5 அடி உயரம் வலை 330 சதுர அடி, 20 ரூபாய் வீதம் 6,600. கதவு 2,000. கூலி ஆள் 3, 800 ரூபாய் வீதம் 2,400. ஆக 14,150. எதிர்பாராச் செலவுக்கு நூற்றுக்குப் பத்து 1,415. மொத்தம் 15,565 ரூபாய்.

உயிர்வேலி: மறுநடவு உட்பட 285 போத்து, 5 ரூபாய் வீதம் 1,425. கூலி ஆள் 3, 2,400. மொத்தம் 3,825 ரூபாய். வாசலுக்கு வீட்டிலேயே கட்டிய முட்படல் போதும்.

இரண்டும் சேர்ந்து 19,390 ரூபாய்.

மனை முழுவதையும் வலையால் அடைத்தால்: 8 அடி வாசல் நீங்கலாக 256 அடிக்கு வலை 25,600, கல்கால் 33க்கு 11,550, பெரிய கதவு 6,000, கூலி ஆள் 10க்கு 8,000, எதிர்பாராச் செலவு 5,115. மொத்தம் 56,265 ரூபாய். முதல் திட்டத்திற்கு இதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சிறிது கூடுதலே செலவாகிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தல் பிரித்த இடங்களில் பழைய கல்கால் கிடைக்குமாயின் செலவு இன்னும் குறையும். வெடிப்பில்லாதவற்றைத் தெரிந்து வாங்கவேண்டும்.

4. கடனும் தவணையும்

முதற்கண் கைப்பணத்தில் பட்டியை முடித்து, அடுத்த மழைக்கு உயிர்வேலியைத் தொடங்குதல் சிக்கனமான வழி. கடன் வேண்டியவர் கூட்டுறவுச் சங்கத்தை அணுகுமுன் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஆட்டின் சினைக்காலம் 5 மாதம். குட்டி விற்பனைக்கு வர மேலும் 6 முதல் 9 மாதம் ஆகும். ஆகவே வெள்ளாடு வாங்கி ஏறக்குறைய ஓராண்டு வரையில் வரவில்லை. முதல் தவணை அதற்கு முன் விழுமாயின், தாய் ஆட்டையே விற்கநேரும். தவணையைக் குட்டி விற்கும் காலத்தோடு பொருத்திக் கேட்பதே விவேகம்.

பொது எல்லையில் அண்டை வீட்டாரும் ஆடு வளர்ப்பவராயின், செலவையும் பராமரிப்பையும் பாதியாகப் பகிர்ந்து, அதை எழுதி இருவரும் கையொப்பமிடுதல் நலம்.

பயிற்சி

(1) தங்கள் மனையின் நான்கு பக்கங்களையும் அளந்து சுற்றளவைக் காண்க.

(2) தங்களிடமுள்ள ஆடுகளுக்குத் தேவையான பட்டியின் பரப்பைக் கணக்கிடுக. வீட்டுச் சுவரை ஒரு பக்கமாகக் கொண்டால் எத்தனை அடி வலை மிச்சமாகும்?

(3) உள்ளூர் விலையில் செலவுக் கணக்கெழுதி, அதை ஓராண்டில் விற்கக்கூடிய குட்டிகளின் மதிப்போடு ஒப்பிடுக. செலவு அதனினும் மிகுமாயின், வேலியைச் சுருக்குக; கடனைப் பெருக்கற்க.